திங்கட்கிழமைக் காய்ச்சல்

இப்போதெல்லாம் நாம் ஒரு தும்மல் போட்டால் போதும், வீட்டிலிருக்கிற சின்னதுகள் நம்மை ஏதோ குற்றம் செய்தவரைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றன. மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கலாம், ரத்தம் கொடுக்கலாம், மார்பைப் படம் எடுக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போன மாதம் எனக்கு வந்த இருமலுக்கு மருமகள் ஒரு பெயர் வைத்தாள், பேரன் போனைப் பார்த்து வேறொரு பெயர் வைத்தான். உங்கள் வீடுகளிலும் இதே கூத்துதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கோபித்துக்கொள்வதில்லை, சொன்ன இடத்தில் போய்ச் சட்டையைத் தளர்த்திக்கொண்டு நிற்கிறேன். தப்பான பெயர் வைத்த இருமல் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவள் நான். சித்தூரில் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க அது நடந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அந்த ஐப்பசியில் மழை பிடித்ததும் தெருவுக்குள் ஃப்ளூ வந்தது. ஒரு வீட்டைக்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கே வந்துவிட்டதால் எங்களுக்கு லீவு. ஆனால் விளையாட யாருமில்லை. எல்லா வீட்டிலும் பாய் விரித்தபடியே கிடந்தது. எங்கள் வீட்டில் முதலில் தம்பி, பிறகு நான், பிறகு அம்மா, பிறகு எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. உடம்பை அடித்துப் போட்டாற்போல் வலி, கண்ணுக்குள் எரிச்சல், மூக்கு நிற்காமல் ஒழுகும். நைனாதான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் எல்லோருக்கும் மிளகு ரசம் வைத்து ஊற்றினார். உப்பு போட மறந்துவிடுவார். வாயில் ருசியே தெரியாததால் யாருக்கும் அது தெரியவில்லை.

எங்களுக்கெல்லாம் நல்லானபிறகு கடைசியில் நைனா படுத்தார். அவருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முன்பெஞ்சில் நின்று கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார். எங்கள் சபையில் நைனாதான் பாட்டுக்கு முன்னோடி. அவர் எடுத்துக் கொடுக்காவிட்டால் ஆண்கள் பக்கம் ஒரு சுருதி, பெண்கள் பக்கம் ஒரு சுருதி என்று போய்விடும். அன்று குரல் நன்றாகவே இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்தவர், விளக்கு வைக்கிற நேரத்தில் நடுங்க ஆரம்பித்தார். போர்வைமேல் போர்வை போட்டும் பல் கிட்டித்தது. வறட்டு இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"ஃப்ளூ திரும்பிக்கினு வந்துருச்சி" என்றாள் அத்தை.

புதனுக்குள் காய்ச்சல் விட்டது. சனிக்கிழமைக்குள் இருமலும் தேய்ந்துபோனது. ஞாயிறு பாடினார். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் போர்வை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளுக்கு இருமல்களைக் காதால் பிரித்துச் சொல்லத் தெரியும். இது ஏதோ பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டில் அத்தனை இருமல் இருந்தது, அவ்வளவுதான். அத்தைக்கு இழுப்பு. மார்புக்குள் விசில் அடிக்கும், குளிர்காலத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். தம்பிக்கு முந்தின வருடம் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் கறுத்து, கடைசியில் கூவுகிற மாதிரி ஒரு மூச்சை இழுப்பான். அதற்காகக் கழுதை ஓட்டிக்கொண்டு வருகிறவனை வாசலில் நிறுத்தி, சங்கில் பால் பீச்சிப் புகட்டினார்கள். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. எனக்கு வருவது வெறும் ஜலதோஷ இருமல், அதற்கு அவள் திரும்பியே பார்க்கமாட்டாள். நைனாவின் இருமலை மட்டும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இது இன்னான்னு தெரியலியே" என்றாள் ஒருநாள். "மூக்கு ஒழுவல. தும்மல் இல்ல. பக்கத்துல படுத்துக்கினு கீறன், எனக்கு ஒட்டல. ஃப்ளூன்னா ஊட்ல ஒருத்தர உடாதே."

நைனாவுக்கு வேலை புத்தலப்பட்டு ரோட்டில் ஓர் அட்டைக் கம்பெனியில். கரும்புச் சக்கையை ஊறவைத்துக் கூழாக்கி, காயவைத்து, முரட்டு அட்டை செய்வார்கள். சர்க்கரை ஆலைகளில் ஆட்டி முடித்த சக்கையைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்கிவைத்து, மழையிலும் வெயிலிலும் ஒரு வருடம் கிடந்தபிறகு லாரியில் கொண்டுவருவார்கள். லாரி திங்கட்கிழமை வரும். நைனா மேஸ்திரி. ஆட்களோடு நின்று கட்டுகளைப் பிரித்துத் தொட்டியில் தள்ளவைப்பார். திங்கட்கிழமை மட்டும் அவர் மேல் ஒரு வாசனை வரும். ஈரத்துணியைப் பெட்டிக்குள் மறந்து வைத்துவிட்டுத் திறந்தால் வருமே, அது. தலைமுடியெல்லாம் வெள்ளையாகத் தூசி. நான் ஓடிப்போய் அதைத் தட்டிவிடுவேன். செவ்வாய் முதல் தொட்டியில் ஊறின கூழ் வேலைதான், தூசி இல்லை.

இப்போது நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்றால், எங்களிடம் அதைவிட நல்ல விளக்கம் ஒன்று இருந்தது.

சனிக்கிழமைதோறும் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து நைனாவின் தலையில் கைவைத்து ஜெபம் செய்வார். நல்ல மனிதர். சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு வருவார், காப்பிகூடக் குடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நைனா எழுந்து பாடுவார். சபையே பார்க்கும். ஜெபித்தால் சுகம், சபைக்கு வந்தால் சுகம், உலக வேலைக்குத் திரும்பினால் காய்ச்சல். இதைவிடத் தெளிவாக ஒன்றை யாரால் காட்டமுடியும்? ஞாயிறு ஆண்டவருடைய நாள், திங்கள் சாத்தானுடைய நாள் என்று சபையில் முடிவாகிவிட்டது. ஓய்வுநாளில் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்காதவர்கள் நாங்கள். கிழமையைப் பார்த்தவுடன் எங்களுக்கு ஞாயிறுதான் கண்ணில் பட்டது. திங்கட்கிழமையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தைக்கு மட்டும் ஜெபம் போதவில்லை. டவுன் டாக்டரிடம் நைனாவை இழுத்துக்கொண்டு போனாள், அம்மாவும் கூடப் போனாள். டாக்டர் மார்பைப் படம் எடுத்தார். படம் முழுக்கக் கேழ்வரகைத் தூவினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள். சாயங்காலக் காய்ச்சல், இருமல், இளைப்பு, இந்தப் புள்ளி. வேறென்ன வேண்டும்?

"டிபி" என்றார் டாக்டர்.

"சளியில கிருமி தெரிஞ்சிச்சா சார்?" என்று கேட்டாளாம் அம்மா.

"தெரியல. சில பேருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் பாக்கணும்."

திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு தடவையும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்தபிறகு அதை வெளியே அனுப்புவது சுலபமா? தினமும் ஊசி. அத்தை நைனாவுக்கு நீலக்கரை போட்ட எனாமல் தட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். தம்ளர் தனி, பாய் தனி. எங்களைக் கிட்டே விடவில்லை. நைனா கூலிக்காகக் கம்பெனிக்குப் போய்வந்து, நடைவழியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நானும் தம்பியும் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவோம். அத்தையை நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. இப்போது யோசித்தால், தன் தம்பி பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அவள் அப்படி அலைந்தாள் என்று படுகிறது. அந்தத் தட்டைக் கழுவும்போது அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

போதகர் ஐயா பலபேரைப் பார்த்து, மதனப்பள்ளிப் பக்கம் ஒரு டிபி சானடோரியத்தில் நைனாவுக்குப் படுக்கை வாங்கிவிட்டார். அது கிடைப்பது பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாகாலா போய் அங்கே ரயில் மாறவேண்டும். எப்போது திரும்பி வருவார் என்று யாரும் சொல்லவில்லை. நைனா போனதும் நான் மிஷன் போர்டிங்கில் சேரவேண்டும், தம்பி நகரியில் சித்தி வீட்டுக்குப் போகவேண்டும், அம்மா போர்டிங் சமையலுக்குப் போகவேண்டும் என்றும் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டைப் பிரித்து ஆளுக்கொரு மூட்டையாகக் கட்டியாகிவிட்டது. இத்தனையும் எங்கள் நன்மைக்காக, மிகவும் அன்பாகப் பேசி முடிக்கப்பட்டது. அதுதான் அதில் கொடுமை.

இதற்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வரவில்லை.

அதற்கு முந்தின நாள் சபையில் நைனாவுக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை முழங்காலில் இருந்தார்கள். மறுநாள் விளக்கு வைத்தபிறகும் நைனா சும்மா உட்கார்ந்திருந்தார். நடுக்கம் இல்லை. இரவுச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தெருவே திரண்டு வந்துவிட்டது. போதகர் ஐயா வாசலிலேயே ஸ்தோத்திரம் சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

கூட்டம் போனபிறகு அம்மா கேட்டாள். "இன்னிக்கி கம்பெனில இன்னா வேல?"

"ஒண்ணும் இல்ல. ஓடையில தண்ணி போய்க்கினு இருக்குது, லாரி இந்தாண்ட வரல. சும்மா ஒக்காந்துக்கினு இருந்தோம்."

அம்மா கையிலிருந்த பருப்பைப் புடைத்துக்கொண்டே இருந்தாள், புடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

அடுத்த திங்கட்கிழமை ஓடை வடிந்து லாரி வந்தது. சாயங்காலம் காய்ச்சலும் வந்தது, முன்பைவிடக் கடுமையாக. சபையில் பேச்சு மாறிவிட்டது. சுகம் கிடைத்தும் விசுவாசம் குறைந்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

"விசுவாசமும் இல்ல, சாத்தானும் இல்ல. சக்க" என்றாள் அம்மா. "சக்க வந்தா ஜுரம் வருது. சக்க வரலின்னா ஜுரம் இல்ல."

யாரிடம் சொல்லவில்லை அவள்! டவுன் டாக்டர் சிரித்தார். "கரும்புச் சக்கையில டிபி வருமாம்மா?" என்றார். கம்பெனி முதலாளி தெலுங்கர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "எந்தமந்தி சேஸ்துன்னாரம்மா, ஒக்கடிக்கே ஒஸ்துந்தா?" என்றார். இத்தனை பேர் செய்கிறார்கள், ஒருவனுக்கு மட்டும் எப்படி வரும் என்கிறார். நைனாவே அதைத்தான் கேட்டார். போதகர் ஐயா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாரி வராத திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தாம்மா நாம எல்லாரும் உபவாசம் இருந்தோம். அதையும் யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அது நியாயமான பேச்சு. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் எது காரணம் என்று சொல்லமுடியவில்லை. அம்மா அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு, அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று யோசித்தாள். செவ்வாய்க்கிழமை ரயில். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி வண்டிக்காரர் எங்கள் பின்கொல்லைக் கொட்டாயில் சக்கைக்கட்டுகளை இறக்கிவிட்டுப் போனார். அடுப்பெரிக்க என்று அம்மா கேட்டு வாங்கியிருக்கிறாள். பழைய கட்டுகளாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அதுவரை எங்கள் வீட்டில் சக்கை எரித்ததில்லை.

மறுநாள் கோயில் முடிந்து வந்து, சாப்பிட்டு, நைனா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா அவருடைய கம்பெனிச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"இன்னாத்துக்கு?"

"கொட்டாயில கட்டு கீது. பிரிச்சிப் போடுங்க. கம்பெனில எப்டி பிரிப்பீங்களோ அப்டியே."

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இன்னிக்கி நாயித்துக்கெழம."

"தெரியும். அதான்."

"ஓய்வுநாளுமே! நானு சபையில முன்னால நிக்கிறவன்."

"காலையில ஐயா ஜெபம் பண்ணாரு. பாடிட்டு வந்தீங்க. நல்லா கீறீங்க. நாயித்துக்கெழம உங்களுக்கு ஜுரம் வந்ததே இல்ல. இன்னிக்கி சக்கயத் தொட்டும் வரலின்னா, நா வாய மூடிக்கினு நாளன்னிக்கி பொட்டி கட்டறன். பாகாலா வரிக்கும் நானே வந்து ரயில் ஏத்தறன்."

"தப்புமே. ஆண்டவரு மொகத்துல எப்டி முழிப்பேன்?"

அம்மாவுக்கு அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "கல்யாணம் ஆனதிலிருந்து எத்தினி நாயித்துக்கெழம குடுத்துக்கினு வந்திருக்கறோம். ஆண்டவரு எனக்கு ஒண்ணு குடுக்கமாட்டாரா? குடுப்பாரு. கேட்டாச்சி."

நைனா அந்தச் சட்டையை வாங்கி உதறினார். பிறகு போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். அத்தை பார்த்துவிட்டு, "ஐயோ, இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டு அறைக்குள் போய் முழங்காலில் நின்றாள்.

கட்டைப் பிரித்ததும் கொட்டாய்க்குள் வெள்ளைப் புகைபோல் தூசி கிளம்பியது. சக்கைக்கு உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. தள்ளி நின்ற எனக்கே தொண்டை கரகரத்தது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் முன்பக்கம் விரட்டிவிட்டாள். தெருவில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. எங்கள் கொல்லையில் மட்டும் யாரோ வேலை செய்கிற சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, மூடிக்கொண்டது.

வேலை முடிந்து நைனா குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு தர்மாமீட்டர் இருந்தது. மிஷனில் இருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கறுப்பு உறைக்குள் பேனாபோல் இருக்கும், சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளலாம். அது எப்படித் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை, கனவில்கூடத் தேடியிருக்கிறேன். அம்மா அதை உதறி உதறி வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். காப்பி போடவில்லை, கோழியை அடைக்கவில்லை. நைனா சங்கடத்தோடு சிரித்தார். "ஒண்ணும் இல்லமே. நல்லாத்தான் கீறன்."

வெயில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அம்மா தர்மாமீட்டரை மறுபடி உதறினாள். பெட்டி கட்டவேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் போர்டிங்கைப் பற்றி நினைத்தேன். அங்கே தலையில் பேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நைனா துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சில்லுன்னு கீதே" என்றார். முடிக்கவில்லை, பல் கிட்டித்துக்கொண்டது.

"வந்துருச்சி!" என்று கத்தினாள் அம்மா. "நாயித்துக்கெழம வந்துருச்சி! அண்ணி, வந்து பாருங்க, வந்துருச்சி!"

புருஷன் எதிரில் உட்கார்ந்து நடுங்குகிறான், அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே போர்வையைக் கொண்டுவந்து போர்த்தி, அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அத்தை வாசற்படியில் நின்று பார்த்தாள். நைனா பல் அடித்துக்கொள்ள அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். "சக்கதாமே" என்று சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள், திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், தண்ணீர்ச் செம்பு பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பஸ் முழுக்க மலைக்கு முடி இறக்கப் போகிற கூட்டம், கோவிந்தா கோவிந்தா என்று ஒரே சத்தம். நடுவில் பைபிள் சுற்றின துணிப்பையோடு நாங்கள். நைனாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார், "சாமி பார்த்துக்குவார்" என்றார். அம்மா "ஆமாங்க" என்றாள். அவள் மடியில் இன்னொரு மூட்டை இருந்தது. அதில் கொட்டாயிலிருந்து அள்ளின சக்கை.

அங்கே ஒரு டாக்டரம்மா. இளம் வயது, தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். முதலில் எல்லோரையும்போல ஸ்டெதஸ்கோப்பைத்தான் வைத்தார். அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்தினார். "நிதானங்கா செப்பண்டி", நிதானமாகச் சொல்லுங்கள் என்று அவளை உட்காரவைத்தார். மூட்டையைப் பிரிக்கவிடாமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய டாக்டரை அழைத்துவந்தார். இரண்டு பேரும் நைனாவின் முதுகில் மாற்றி மாற்றிக் காது வைத்தார்கள்.

"ஃப்ளூன்னா ஒரு தடவ படுக்கப்போட்டுட்டுப் போயிடும்மா. வாராவாரம் வராது" என்றார் டாக்டரம்மா. "டிபிக்கு கெழம தெலீது. திங்கள், ஞாயிறுன்னு பாக்காது. இது ரெண்டும் இல்ல. அந்தப் பூஞ்சைத் தூசிய இவர் உடம்பு ஏத்துக்கல. எல்லார் உடம்பும் ஒண்ணு போல இருக்காது, சில பேருக்கு மட்டும் உள்ள போயி சண்ட போடும். அதான் ஜுரம், அதான் படத்துல புள்ளி."

"அப்ப சானடோரியம்?"

"வேண்டாம். அந்தத் தூசி பக்கம் போகாம ஒரு மாசம் இருக்கட்டும். திரும்ப வந்து படம் எடுங்க. புள்ளி இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

அம்மா கைகூப்பினாள். டாக்டரம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, கோபமாகவே சொன்னார். "நேத்து செஞ்சத இன்னொரு தடவ செய்யாதீங்க. மூச்சு நின்னுபோயிருக்கும். மனிஷி போயேவாடு, தெலுசா?" ஆளே போயிருப்பார், தெரியுமா என்கிறார்.

அம்மா வராந்தாவில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். முன்பே தெரிந்திருந்தால் செய்திருப்பாளா? செய்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால், அவள் செய்தது தப்புதான். அந்தத் தப்பைத் தவிர வேறு வழியை ஒருவரும் அவளுக்கு விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை.

செவ்வாய் ரயில் நைனா இல்லாமல் போனது. கம்பெனி வேலையையும் விட்டுவிட்டார். நாங்கள் கஞ்சி குடித்தோம். திங்கட்கிழமைகள் வந்தன, போயின. நைனா வாசலில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தார். ஒரு மாதம் கழித்து திருப்பதியில் எடுத்த படத்தில் புள்ளிகள் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தன. அன்று ராத்திரி அத்தையே நைனாவைக் கூப்பிட்டு எங்களோடு வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறினாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். சோற்றை மட்டும் அளவுக்கு மீறி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் சாட்சி சொல்கிற நேரம். போதகர் ஐயா உண்மையான சந்தோஷத்தோடு பேசினார். நம் பாட்டுக்காரச் சகோதரனைச் சானடோரியத்துக்குப் போகாமலே ஆண்டவர் சுகமாக்கினார், இது நம் கண்முன் நடந்த அற்புதம், அவர் எழுந்து சாட்சி சொல்லட்டும் என்றார்.

நைனா எழுந்திருக்குமுன் அம்மா எழுந்துவிட்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து அந்த நேரத்தில் யாரும் எழுந்ததில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா அற்புதம்னு சொல்லாதீங்க" என்றாள். "நாந்தான் அவர ஓய்வுநாள்ல வேல செய்ய வெச்சேன். சபைக்கு முன்னால சொல்றன், தண்டன குடுத்தா வாங்கிக்கறன். அந்தக் கம்பெனி சக்கத் தூசிதான் அவருக்கு ஜுரம். டிபி இல்ல, ஒட்டிக்காது, தூசிய உட்டா போயிடுது. அற்புதம்னு சொன்னா அது எங்க ஊட்டோட நின்னுபோயிடும். காரணத்தச் சொன்னா எல்லார் ஊட்டுக்கும் போவும். அதான் எழுந்துக்கினேன்."

போதகர் ஐயா வேதபுத்தகத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஓய்வுநாள் என்று ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்தது.

அப்போது பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் புருஷனுக்கும் அதே கம்பெனிதான்.

"எங்க ஊட்லயும் திங்கக்கெழமதாங்க ஐயா" என்றாள். "போன வருசத்துல இருந்து. போர்வ போட்டு மூடி, கதவ சாத்தி வெச்சிக்கினு இருந்தேன். சொன்னா அவங்க ஊட்ல வெச்ச மாதிரி இவருக்கும் தட்டு தனியா வெப்பாங்கன்னு பயந்துக்கினு சொல்லல."

அவள் புருஷன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலை இருமியது. அந்த வறட்டு இருமலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தை என் கையை இறுகப் பிடித்தாள்.

போதகர் ஐயா படியிலிருந்து கீழே இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றார்.

"இன்னும் யார் வீட்ல?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பிரசங்கம் நடக்கவே இல்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.